சூடேறினால் நின்றுவிடும் பழைய கார்: கோளாறைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

எங்கள் மொறிஸ் மைனருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் ஏறி இறங்கும்வரை பாட்டுப் பாடிக்கொண்டு வரும். காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டியும் ஒரு குறை சொல்ல முடியாது. களுவாஞ்சிக்குடியை நெருங்கும்போது இரண்டு தரம் இருமும், பிறகு நூர்ந்துவிடும். ஓரமாகத் தள்ளி, பொனட்டைத் தூக்கி வைத்துவிட்டு, எதிர்க் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள்: சூட்டுக்கு நிற்கிறது, ஆறினால் ஓடும். நானும் நம்பி, பொறி உண்டாக்கும் கொயில் மாற்றினேன், அதற்குத் துணையான கண்டென்சர் மாற்றினேன், பெற்றோல் பம்பைக் கழற்றிப் பூட்டினேன், ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவினேன். கார் களுவாஞ்சிக்குடியில் நிற்பதை விடவில்லை.

கடைசியில் சம்மாந்துறைப் பக்கத்து மெக்கானிக் காக்கா ஒருவரிடம் போனேன். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. "டாங்கி நிறைய அடிச்ச நாள்ல கெதியா நிக்கிதா, கொஞ்சமா இருக்கக்குள்ள கெதியா நிக்கிதா மனே?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நிறைய அடித்த நாட்களில்தான். "அப்ப அடுத்த தரம் நிக்கக்குள்ள பின்னால போய் மூடியத் திற" என்றார். அடுத்த முறை நின்றபோது திறந்தேன். உஸ்ஸென்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது. மூடிய கையோடு ஸ்டார்ட் பண்ணினேன், ஓடியது. பழைய மூடி துருப்பிடித்துவிட்டதென்று நான் வாங்கிப் போட்ட புது மூடியில் மூச்சுவிடும் துளை இல்லை. பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடும், பம்ப் அதற்கு எதிராக இழுக்க முடியாமல் தோற்றுப்போகும். டாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கான இடம் கொஞ்சம், அதனால் வெற்றிடம் சீக்கிரம் உண்டாகும். நான் பிளேன்ரீ குடித்த நேரத்தில் ஆறியது எஞ்சின் மட்டுமல்ல, டாங்கிக்குள் காற்றும் மெல்ல மெல்லக் கசிந்து புகுந்திருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம், "சூடானால் நிற்கிறது" என்று சொல்லும்போது எப்போது நிற்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறோம். ஏன் என்பது கார் நின்ற அடுத்த பத்து நிமிடங்களில் மட்டுமே தெரியும். ஆறிய பிறகு எல்லாப் பாகமும் நல்ல பிள்ளையாகிவிடும். கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் மெக்கானிக் கையை விரிப்பார், அல்லது தனக்குப் பழக்கமான ஒரு சாமானை மாற்றுவார்.

கீழே வருவது பெரும்பாலும் மொறிஸ் மைனரை வைத்து எழுதியது. எங்கள் பகுதியில் இன்னும் ஓடுகிற ஸ்ரீ நம்பர் (ஸ்ரீ எழுத்துள்ள பழைய நம்பர் தகடு) கார்களில் நான் அதிகம் கைவைத்தது அதில்தான். லூக்காஸ் கம்பனி இக்னிஷனும் (பொறி உண்டாக்கும் அமைப்பு) எஸ்.யு. கம்பனி காபரேற்றரும் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள ஒஸ்ரின், மொறிஸ் எதற்கும் ஏறக்குறைய இதே கதைதான். காற்றாலேயே ஆறும் எஞ்சினுள்ள வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் தண்ணீர், ரேடியேற்றர் பற்றி வரும் இடங்களைத் தாண்டிப் படிக்கலாம்.

வீட்டில் இருக்கும்போதே: எப்படி நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

ஒரு சின்னக் கொப்பியை டாஷ்போர்டில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நான்கு விஷயம் குறிக்க வேண்டும்: எவ்வளவு நேரம் ஓடியது, டாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தது, எந்த வேகத்தில் போனது, எப்படி நின்றது.

கடைசிக் கேள்விதான் முக்கியம். சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோலச் சட்டென்று நின்றால் ஸ்பாக் (மின்பொறி) பக்கம் சந்தேகப்படுங்கள். மின்சாரம் இருக்கும் அல்லது இருக்காது, நடுவில் நிற்காது. இருமி, உதறி, வேகம் இறங்கி, ஆக்ஸிலேற்றரை மிதித்தால் ஒரு கணம் பிடித்து மறுபடி விழுந்தால் அது பெரும்பாலும் பெற்றோல். காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சின் இழுத்துக்கொண்டு ஓடுவதால் வரும் சாவு அது. ஆனால் பலவீனமான கண்டென்சரும் சிலவேளை இருமலோடுதான் நிறுத்தும், ஆகவே இதை வைத்து மட்டும் சாமான் வாங்கப் போகாதீர்கள்.

நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்பது ஒன்று. கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால் ஒரு நிமிடம் ஓடி நிற்பது வேறொன்று. காத்தான்குடியில் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது ஐடிலில் நிற்பது மூன்றாவது. இரண்டாவது வகை என்றால் பெற்றோல் ஆவியாகும் பகுதியை முதலில் படியுங்கள். ஓடும்போது காற்றும் புதுப் பெற்றோலும் காபரேற்றரைக் குளிர்த்திக்கொண்டே இருக்கும். நிறுத்திய பிறகுதான் எக்ஸோஸ்ட்டின் சூடு முழுவதும் மேலே ஏறும்.

காரில் இருக்க வேண்டியவை

மலிவான மல்டிமீற்றர் ஒன்று, ஒரு பழைய ஸ்பாக் பிளக், இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த நீள வயர், ஒரு மீற்றர் பெற்றோல் குழாய், மூடியுள்ள தகர டின், சைக்கிள் பம்ப், பழைய துணி, தண்ணீர்ப் போத்தல் இரண்டு, ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளி அளக்கும் தகடுகள்), சின்னத் தீயணைப்பான். அதோடு, வேலை செய்யும் என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்த ஒரு கண்டென்சர். புதிதாக வாங்கிப் பெட்டியோடு வைத்திருப்பதைச் சொல்லவில்லை. இன்று வரும் புதுக் கண்டென்சர்களில் வாங்கிய அன்றே பழுதானவை உண்டு. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் பழைய லூக்காஸ் சாமான் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய மைனர்களில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு (காரின் உடலோடு) இணைந்திருக்கும். அப்படியானால் உயிருள்ள முனை நெகட்டிவ். யாராவது இடையில் மாற்றியும் இருக்கலாம். பற்றரியிலிருந்து பொடிக்குப் போகும் தடித்த வயர் எந்த முனையில் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நடு வீதியில் வெயிலில் நின்று குழம்ப வேண்டாம்.

நின்றவுடன்: பத்து நிமிடம்

கார் ஓரத்தில் நின்றதும் முதலில் ரேடியேற்றரைப் பாருங்கள். ஆவி அடிக்கிறதா, தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் இது வேறு வழக்கு, கீழே தனியாக வருகிறது. ரேடியேற்றர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கொதிக்கவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள். வரிசையை மாற்றாதீர்கள், ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலாவது, பின்னால் போய் பெற்றோல் மூடியைக் காது வைத்துத் திறவுங்கள். காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் வந்தால் மூடிவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். ஓடினால் கோளாறு கைக்குள் வந்துவிட்டது. மூடியைத் தளர்த்தி வைத்து இன்னொரு நாள் ஓட்டி உறுதிப்படுத்திக்கொள்ளலாம். வெயிலில் டாங்கி சூடானால் காற்று வெளியே வருவதும் உண்டு. அது இந்தக் கோளாறு அல்ல.

இரண்டாவது, ஸ்பாக். இதைப் பெற்றோல் குழாயைக் கழற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பெற்றோல் சிந்திய பிறகு பொறி பறக்க விடுவது உயிரோடு விளையாடுவது. கொயிலின் நடுவிலிருந்து, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் மூடிக்கு வரும் தடித்த வயரை மூடிப் பக்கத்தில் பிடுங்கி, அதில் பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் இரும்பு எஞ்சினில் படும்படி படுக்க வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். சாவியைப் போட்டு ஒருவர் ஸ்டார்ட்டரை இழுக்கட்டும். தனியாக நின்றால் மைனருக்கு முன்னால் போடும் கைப்பிடி இருக்கிறதே, அதைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கலாம். நீலமாக, சடக் சடக்கென்று சத்தத்தோடு விழுந்தால் கொயில் வரைக்கும் சரி. மஞ்சளாக மெலிந்து விழுந்தால் கண்டென்சர் அல்லது கொயில். ஒன்றுமே இல்லை என்றால் ஸ்பாக் பகுதிக்குப் போங்கள்.

மூன்றாவது, ஒரு பிளக்கைக் கழற்றி மூக்கருகில் பிடியுங்கள். உலர்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்து கறுத்திருந்தால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சி வந்திருக்கிறது, அல்லது வந்தும் எரியவில்லை.

நான்காவது, பெற்றோல் ஓட்டம். எஸ்.யு. மின்பம்ப் உள்ள காரில் சாவியைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். டிக் டிக் டிக் என்று சில தரம் அடித்து நின்றால் மிதவைக் கிண்ணம் நிறைந்துவிட்டது. நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றையோ ஆவியையோ இழுக்கிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால், கிண்ணம் ஏற்கெனவே நிறைந்திருக்கலாம் அல்லது பம்ப் இறந்திருக்கலாம். எதுவென்று அறிய, காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி, கையிலிருக்கும் ஒரு மீற்றர் குழாயை அதில் மாட்டி, டின்னுக்குள் விடுங்கள். நேரடியாகக் கழற்றிப் பீய்ச்ச விடாதீர்கள். பெரும்பாலான மைனர்களில் உள்ள ஏ சீரிஸ் எஞ்சினில் காபரேற்றருக்கு நேர் கீழே கொதிக்கிற எக்ஸோஸ்ட் மனிபோல்ட் இருக்கிறது. நல்ல பம்ப் ஒரு நிமிடத்தில் அரை லீற்றர் அளவு தள்ள வேண்டும். நிமிடத்துக்கு மேல் சாவியைப் போட்டபடி விடாதீர்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்தால் கொயில் சும்மாவே சூடாகும்.

இந்த நான்கும் பழகிய கைக்கு ஆறேழு நிமிடம். முதல் தடவை தடுமாறும். வீட்டு முற்றத்தில் ஆறிய எஞ்சினில் இரண்டு தரம் ஒத்திகை பாருங்கள்.

ஸ்பாக் இல்லை என்றால்

மல்டிமீற்றரை எடுங்கள். லூக்காஸ் கொயிலில் இரண்டு சின்ன முனைகள்: வெள்ளை வயர் வருவது சாவியிலிருந்து, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது டிஸ்ரிபியூற்றருக்குப் போவது. வயர் மாற்றப்பட்டிருந்தால் நிறத்தை நம்பாமல் பின்தொடர்ந்து பாருங்கள்.

சாவி முனையில் ஏறக்குறைய 12 வோல்ட் வருகிறதா? வரவில்லை என்றால் கொயிலைக் குறை சொல்ல வேண்டாம். பற்றரியின் உயிருள்ள முனையிலிருந்து நீள வயரை நேரே அந்த முனைக்குக் கொடுங்கள். எஞ்சின் பிடித்தால் சாவிச் சுவிச்சோ இடையில் உள்ள ஒரு மூட்டோ சூட்டில் விடுகிறது. இப்படி வயர் போட்டே வீடு வரலாம், ஆனால் நிறுத்த வயரைத்தான் பிடுங்க வேண்டும், சாவிக்கு நிற்காது.

சாவி முனையில் மின்சாரம் இருந்தால் மற்ற முனையைப் பாருங்கள். எஞ்சினைச் சுற்றும்போது அங்கே 12 வோல்ட்டும் பூச்சியமும் மாறி மாறி வர வேண்டும், பொயின்ட் (டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் சின்னச் சுவிச்) திறந்து மூடுவதன் அடையாளம் அது. எப்போதும் 12 ஆகவே நின்றால் பொயின்ட் ஊடாக ஏர்த் (பொடியோடு இணைப்பு) கிடைக்கவில்லை: பொயின்ட் தேய்ந்து மூடாமல் இருக்கலாம், எண்ணெய் படிந்திருக்கலாம், அல்லது டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் சின்ன வயர் அறுந்திருக்கலாம். எப்போதும் பூச்சியமாகவே இருந்தால் அந்த முனையிலிருந்து டிஸ்ரிபியூற்றர் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி அளவுங்கள். இப்போது 12 வந்தால் டிஸ்ரிபியூற்றருக்குள் எங்கோ ஏர்த்தில் முட்டுகிறது, பெரும்பாலும் கண்டென்சர். இன்னும் பூச்சியமே என்றால் கொயிலின் உள்சுருள் சூட்டில் விரிந்து அறுந்திருக்கிறது. ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும் சுருள் அது. பத்து நிமிடம் கழித்து அளந்தால் ஒன்றும் தெரியாது.

கொயிலில் இன்னொரு விஷயம். பழைய கார்களுக்கான சாதாரண 12 வோல்ட் கொயிலின் முதன்மைச் சுருள் சுமார் 3 ஓம் காட்டும். 1.5 ஓம் அளவு காட்டினால் அது வெளியே ஒரு ரெசிஸ்ரரோடு சேர்த்துப் போட வேண்டிய வகை. ரெசிஸ்ரர் இல்லாமல் போட்டால் இரட்டிப்பு மின்சாரம் இழுத்து, கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, பொயின்ட்டையும் எரிக்கும். கடையில் "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று கொடுப்பது சிலவேளை இதுதான். வாங்கும் இடத்திலேயே அளந்துவிடுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பல மைனர்களில் கொயிலை டைனமோவின் மேலேயே பூட்டியிருப்பார்கள். எஞ்சின் சூடு, டைனமோ சூடு, நடுக்கம் மூன்றும் அதற்குத்தான்.

ஒரு சிநேகிதரின் ஒஸ்ரினில் பார்த்ததைச் சொல்கிறேன். நின்றதும் டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்தோம். பொயின்ட்டின் இரண்டு முகமும் நீலம் பாய்ந்து, ஒரு பக்கம் பருப்போல மேடு, எதிர்ப்பக்கம் அதே அளவு பள்ளம். பொயின்ட் திறக்கும்போது உண்டாகும் பொறியைக் கண்டென்சர் விழுங்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கண்டென்சர் மாற்றி, பொயின்ட்டைத் தீட்டி, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு, அதாவது 0.38 மி.மீ. அளவுக்கு வைத்தோம், வேலை முடிந்தது. ஆனால் மூடியைப் பூட்டும் முன் இன்னொன்றையும் பார்த்தோம். உள்ளே இருக்கும் துணி சுற்றிய மெல்லிய வயரை விரலால் இழுத்தால் ஒரு இடத்தில் மட்டும் ரப்பர்போல நீண்டது. துணிக்குள் செம்பு முழுவதும் அறுந்து, ஒன்றிரண்டு இழைதான் முட்டிக்கொண்டிருந்தது. பார்வைக்குப் புது வயர். அதையும் மாற்றியிருக்காவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு சந்தியில் நின்றிருப்பார்.

கொயில் வயரில் ஸ்பாக் நன்றாக விழுந்து, பிளக்குகளில் மட்டும் விழவில்லை என்றால், டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் சுழலும் ரோட்டர். மூடியைக் கழற்றி, கொயில் வயரின் நுனி ரோட்டரின் நடு உலோகத்துக்கு மூன்று மி.மீ. மேலே நிற்கும்படி, காப்பிட்ட குறட்டால் பிடித்துச் சுற்றுங்கள். அங்கே பொறி பாய்ந்தால் ரோட்டர் உள்ளே பொத்துப்போய் மின்சாரத்தைத் தண்டுக்கு விடுகிறது. நல்ல ரோட்டரில் பொறி பாயக்கூடாது.

எங்கள் பக்கத்துக்கென்று தனியாக ஒன்று: உப்புக்காற்று. கல்லடி, நாவலடிப் பக்கம் ஒரு புறம் கடல், மறு புறம் வாவி. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான ஏர்த் பட்டி பச்சைப்பூசணம் பிடித்துத் தின்னப்பட்டிருக்கும். ஸ்டார்ட்டரை இழுத்ததும் சோக் கேபிள் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ண இழுப்பது) சூடானால், மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத்தான் வழி தேடுகிறது என்று அர்த்தம். சுரண்டிச் சுத்தம் செய்யக் கால் மணி நேரம் போதும்.

பெற்றோல் வரவில்லை என்றால்

பம்ப் சத்தமே இல்லையா? ஸ்குரூ டிரைவரின் பிடியால் பம்பின் மூடியில் மெதுவாகத் தட்டுங்கள். டிக் டிக்கென்று உயிர் வந்தால் பம்புக்குள் இருக்கும் பொயின்ட் எரிந்துவிட்டது. தட்டித் தட்டி வீடு போகலாம், ஆனால் பம்பைத் திறந்து பொயின்ட் மாற்றாமல் அடுத்த பயணம் வேண்டாம். மைனரில் பம்ப் பொனட்டுக்குள், பின் சுவரில் இருப்பதால் எஞ்சினின் சூட்டுக்காற்று நேரே அதில்தான் அடிக்கும்.

பம்ப் வேகமாக அடித்தும் பெற்றோல் வரவில்லை என்றால் மூன்று காரணம் உண்டு. ஒன்று ஏற்கெனவே சொன்ன மூடி.

இரண்டாவது துரு, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். கோட்டுக்குக் கிடைத்த லீற்றரை மோட்டார் சைக்கிளுக்கு அடித்துவிட்டு, பழைய காரை மாதக்கணக்கில் மூடி வைத்தவர்கள் எங்கள் பகுதியில் நிறைய. கால் டாங்கிப் பெற்றோலும் மாரி கால ஈரமும் சேர்ந்தால் மேல் தகடு உள்ளேயிருந்து உதிரத் தொடங்கும். வண்டி ஓடும்போது உதிர்ந்த துரு இழுபட்டு வந்து குழாயின் வாயில் ஒட்டும். எஞ்சின் நிற்கும். இழுவை நின்றதும் துரு கீழே விழும். பத்து நிமிடத்தில் மறுபடி ஓடும். சூட்டுக்கு நிற்பதுபோலவே நடிக்கும் கோளாறு இது.

சோதிக்க, பம்புக்கு வரும் குழாயைப் பம்ப் பக்கத்தில் கழற்றி, டாங்கி மூடியைத் திறந்து வைத்துவிட்டு, சைக்கிள் பம்பால் பின்னோக்கி ஊதுங்கள். முதலில் தடித்து நின்று, பிறகு டக்கென விட்டு, டாங்கிக்குள் குமிழி கொப்பளிக்கும் சத்தம் கேட்டால் அடைப்பு உறுதி. எஸ்.யு. பம்பின் அடியில் உள்ள பித்தளை மூடியைக் கழற்றினால் வலை வடிகட்டி இருக்கும், அதில் செம்மண் போலத் துரு படிந்திருப்பதையும் பார்ப்பீர்கள். டாங்கியை இறக்கிக் கழுவுவதுதான் வைத்தியம். கண்ணாடி வடிகட்டி ஒன்றைக் குழாயில் போட்டுவிட்டுத் திருப்தியடைகிறவர்கள் உண்டு. அது துருவைப் பிடிக்கும், ஆனால் அதுவே அடுத்த அடைப்பாகும். டாங்கியைக் கழுவிய பிறகு போடுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான சூட்டுக் கோளாறு: பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாவது. பெற்றோல் ஒரே பொருள் அல்ல, பல பொருட்களின் கலவை. அதில் இலேசான பகுதிகள் 35 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊர் நிழலிலேயே அந்தச் சூடு இருக்கும், பொனட்டுக்குள் கேட்கவே வேண்டாம். அதோடு மைனரின் பம்ப் முன்னால் இருந்துகொண்டு பின்னால் உள்ள டாங்கியிலிருந்து இழுக்கிறது. இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆவியை அந்தப் பம்பால் தள்ள முடியாது.

இதை உறுதிப்படுத்த ஈரத்துணி போதும். முதலில் பம்பிலும் குழாயிலும் மட்டும் துணியைச் சுற்றித் தண்ணீர் விடுங்கள், இரண்டு நிமிடம். ஸ்டார்ட் ஆகவில்லையா, அடுத்து கொயிலில். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் குளிர்த்தினால் எது காரணம் என்று தெரியாமலே போகும். சூடான எஞ்சின் தலையிலோ மனிபோல்ட்டிலோ தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும். பம்ப் குளிர்ந்ததும் பிடித்தால் ஆவிதான்.

வைத்தியம் பல. காபரேற்றருக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையில் வெப்பத்தகடு இருக்க வேண்டும். பழுது பார்த்த யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள், தேடிப் போடுங்கள். எக்ஸோஸ்ட்டுக்கு அருகால் போகும் குழாயைத் தள்ளிக் கட்டுங்கள். இழுக்கும் பக்கத்து மூட்டுகளில் காற்றுக் கசிவு இருந்தாலும் இதே அறிகுறி வரும், ரப்பர்த் துண்டுகளை மாற்றுங்கள். உடுப்புக் காயப்போடும் மரக்கிளிப்புகளைக் குழாயில் வரிசையாகக் குத்தினால் சரிவரும் என்று சொல்வார்கள். என் காரில் அழகாக இருந்தது, வேறு பலன் தெரியவில்லை.

நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாத வகைக்கு, காபரேற்றரில் கொதித்த பெற்றோல் உள்ளே வழிந்து எஞ்சின் மூழ்கியிருக்கும். சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலேற்றரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை இழுங்கள். பம்ப் அடிப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி மிதிக்காதீர்கள்.

இரண்டும் இருக்கிறது, ஆனாலும் நிற்கிறது

சோக் முழுதாகத் திரும்பிப் போகிறதா என்று பாருங்கள். குமிழ் உள்ளே போயிருக்கும், காபரேற்றரில் நெம்பு பாதியில் நிற்கும். குளிரில் நன்றாக ஓடும், சூடேறியதும் கறுப்புப் புகையோடு நிற்கும்.

ஐடிலில் மட்டும் நிற்கிறது, ஓட்டத்தில் சரி என்றால் டெப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கும் நெம்புக்கும் நடுவில் விடும் இடைவெளி. ஏ சீரிஸ் எஞ்சினுக்குப் பொதுவாக 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ., எஞ்சின் ஆறியிருக்கும்போது. சத்தம் வராமல் இருக்கட்டும் என்று இறுக்கி வைத்தால் சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாது, அமுக்கம் போகும். டெப்பட் சத்தம் கொஞ்சம் கேட்கிற எஞ்சின்தான் எனக்கு நிம்மதி.

தண்ணீர் உண்மையிலேயே கொதிக்கிறது என்றால்: விசிறிப் பட்டி, தேர்மோஸ்டட், உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி அடைத்த ரேடியேற்றர், பிந்தி வைத்த டைமிங் (பொறி விழும் நேரம்). இந்த வரிசையிலேயே பாருங்கள். தேர்மோஸ்டட்டைக் கொதிநீர்ச் சட்டியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

வீட்டில் வரவழைத்துப் பார்ப்பது

வீதியில் பிடிபடவில்லை என்றால் முற்றத்தில் எஞ்சினை ஓட விட்டு, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் ஒவ்வொன்றாகச் சூடு காட்டுங்கள். கொயிலுக்கு ஐந்து நிமிடம், பிறகு டிஸ்ரிபியூற்றரின் அடிப்பக்கத்துக்கு ஐந்து நிமிடம். எதைச் சூடாக்கும்போது தடுமாறுகிறதோ அது. பெற்றோல் பாகங்களுக்கு இந்த மெஷினைக் காட்டவே கூடாது. உள்ளே நெருப்புக் கம்பி இருக்கிறது.

திருத்திய பிறகு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நான் செய்யும் ஓட்டம் இது: பகல் பன்னிரண்டுக்கு டாங்கி நிறைய அடித்துக்கொண்டு கல்லடியிலிருந்து புறப்பட்டு, கல்முனை தாண்டி, காரைதீவில் திரும்பி, வயல்களுக்கு நடுவே அம்பாறை வரை நிற்காமல். அங்கே எஞ்சினை நிறுத்தி, பொனட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் விடுவேன். பிறகு ஸ்டார்ட் பண்ணி, நகராமல் ஐந்து நிமிடம் ஐடிலில். அதிலும் நிற்காமல் வீடு திரும்பினால் உதிரிப் பெட்டியிலிருந்து கொயிலையும் பம்பையும் இறக்கி வைக்கலாம். கண்டென்சர் அங்கேயே இருக்கட்டும்.